ராகுகாலத்தில் கடைக்குப் போகிறவள்

ராகுகாலத்தில் நீங்கள் கடைசியாக எதை விலைகொடுத்து வாங்கினீர்கள்? தீப்பெட்டி, கறிவேப்பிலையையெல்லாம் விட்டுவிடுங்கள். ஒரு வண்டி, ஒரு ஃபிரிட்ஜ், குறைந்தபட்சம் ஒரு மிக்ஸி? ரொம்ப யோசிக்க வேண்டாம், விடை எனக்குத் தெரியும். மேடையில் பகுத்தறிவு பேசுகிறவர் வீட்டிலும், பில் போடும் நேரத்தில் யாராவது ஒருவர் நாட்காட்டியின் மூலையை எட்டிப் பார்த்துவிடுகிறார்.

ஜோவிதாவும் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, சரியாக ராகுகாலத்தில் கடைக்குப் போகிறாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை. காந்திபுரத்தில் ஒரு கணினிக் கடை. அவள் தலை தெரிந்ததுமே விற்பனையாளர் தம்பிதுரை நாற்காலியில் சாய்ந்தபடி குரல் கொடுக்கிறார்: "வந்தாச்சுங்க ராகு!"

"கேது எங்கீங்க? டீ குடிக்கப் போயிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே தோள்பையை மேசைமேல் கவிழ்க்கிறாள். ஒரு ஹார்டு டிஸ்க், இரண்டு பென்டிரைவ், காது மடலை முழுக்க மூடும் ஒரு பழைய ஹெட்போன், ஒரு பொட்டலம் முறுக்கு.

ஜோவிதாவுக்கு வயது இருபத்தாறு. கணபதியில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டர். அப்பா சந்தியாகு அதே கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அவருக்கு முந்தின தலைமுறை முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த ஜனம். கல்லூரிகள் திறக்கும் பருவம் வந்தால், விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பில் சேர்ந்திருக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எப்படியோ அவள் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிடுகிறார்கள். வீடியோ, ஆடியோ, போட்டோ எல்லாம் எடிட் செய்ய ஒரு மடிக்கணினி வேண்டும். எது நல்லது என்று தெரியாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் தெரியும். அவர்களோடு அவள் துணைக்குப் போகிறாள்.

ராகுகாலத்தில் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வெறிச்சென்று இருக்கும். விற்பனையாளர்கள் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். மடிக்கணினிகள் திறந்த வாயோடு, கேட்பாரற்று மின்னிக்கொண்டிருக்கும். "இந்த ஒன்னரை மணி நேரம் நம்ம ராஜ்ஜியமுங்க. எதை வேணா ஏத்தி, எதை வேணா ஓட்டலாம். எவனும் 'பில்லு போட்டுறலாமுங்களா'ன்னு காதுல வந்து ஓத மாட்டான்" என்கிறாள். ராகுகாலம் முடிகிறவரை சோதனை மட்டும், பில் அதற்கப்புறம்தான்.

ஏழு கிழமைக்கும் ராகுகாலத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற பெண். "ஏம்மா, வேத வசனம் இத்தனை சுத்தமா வருமா உனக்கு?" என்று அவள் அம்மா சாராள் கேட்டால், "வசனம் தெரியாட்டி பாஸ்டர் உட்டுருவாருமா. இது தெரியாட்டி கடைக்காரன் உட மாட்டான்" என்பாள்.

இந்த ஞானம் எங்கே கிடைத்தது என்கிறீர்களா? அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம். அப்பாவும் மகளும் ஒரு கடைக்குப் போனார்கள். இந்தக் கடை இல்லை, வேறு. விற்பனையாளர் மெல்லிசாக, வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார். குடிக்க மோர் வரவழைத்தார். அரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ராகுகாலம் வருதுங்க, அதுக்குள்ள பில்லு போட்டுறலாமுங்" என்றார். யாரிடம்? கழுத்தில் சிலுவை போட்டிருந்த சந்தியாகுவிடம்! அவருக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. ஆனாலும் பில் போடச் சொல்லிவிட்டார். ஏன் என்று மகள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை ஜோவிதா அப்பா குரலிலேயே சொல்லிக்காட்டுவாள்: "அவுரு அத்தனை நேரம் நின்னு பேசறாரு கண்ணு. மோரு வேற வாங்கிக் குடுத்துப்போட்டாரு. வேண்டாமுன்னுட்டு எப்புடி எந்திரிச்சு வாரது?"

இதுதான் எங்கள் மண்டலத்தின் புகழ்பெற்ற மரியாதை. ஊரெல்லாம் அதை மெச்சுகிறது, திரைப்படத்தில் சிரிப்புக்கு வைத்துக்கொள்கிறது. அந்த மரியாதையை வைத்தே ஒரு ஏழையை மடக்க முடியும் என்பதைக் கண்டுபிடித்தவன் வியாபாரி. வெள்ளி நிறத்து இயந்திரம் கடிதம் அடிக்க ஆகும், கணக்குப் போட ஆகும். இரண்டு நிமிட வீடியோவைப் போட்டால் செத்துவிடும். மூன்று வருடமும் ஜோவிதா விடுதித் தோழிகளின் கணினி எப்போது காலியாகும் என்று தாழ்வாரத்தில் காத்து உட்கார்ந்தே படித்து முடித்தாள்.

அதனால்தான் அவள் சோதனைகளில் ஒரு பழிதீர்ப்பு இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் எடிட்டிங் மென்பொருளை வைத்திருக்கிறாள். கடையில் காட்சிக்கு இருக்கிற கணினியிலேயே அதை ஏற்றுகிறாள். நல்ல கேமராவில் எடுத்த ஒரு மாப்பிள்ளை அழைப்பைப் போட்டு, நிறம் மாற்றி, அடுக்கடுக்காக வைத்து ஓட்டுகிறாள். படம் திக்கித் திக்கி நின்றால் "கட்டை வண்டி" என்று மூடிவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். ஒழுங்காக ஓடினாலும் நம்புவதில்லை. மொத்தத்தையும் ஒரே வீடியோவாக மாற்றச் சொல்லி உத்தரவு கொடுத்துவிட்டு, அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு முறுக்கு கடிக்கிறாள். கடை முழுக்கக் கேட்கும் சத்தம்.

"மொதல் பத்து நிமிசம் எல்லா மெஷினும் சூரப்புலிதானுங்க. சூடேறுன பொறகு பாக்கோணும் வேகத்தை."

சார்ஜரைச் செருகியும் பிடுங்கியும் ஹெட்போனில் இரைச்சல் வருகிறதா என்று கேட்பாள். உள்ளே இருக்கும் காற்றாடி எவ்வளவு கத்துகிறது என்று கேட்பாள். பின்னாளில் கூடுதல் ரேம் போட இடமிருக்கிறதா என்று கேட்பாள். மூடியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பாள். இந்தக் கடைசிச் சோதனை புதிதாகச் சேர்ந்தது. அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஒன்றின் கீல் சீக்கிரமே உடைந்துபோய், பிரான்சிஸ் என்கிற தகப்பனார் இன்றைக்கும் அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறார். "திட்டட்டுமுங்க. நான் ஆட்டிப் பாக்கல, தப்பு எம்மேலதான்" என்கிறாள்.

கடைசியாக ஒரு புகைப்படத்தைத் திறப்பாள். சாராளின் முகம். ஆலயத்து வாசலில், வெள்ளைச் சேலையில், மாலை வெயிலில் எடுத்தது. நல்ல கறுப்பு, தேய்த்த கருங்காலி மாதிரி பளபளக்கிற கறுப்பு. அந்தத் தோலில் மஞ்சளும் சிவப்பும் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று நல்ல திரை காட்டிக்கொடுத்துவிடும். மட்டமான திரையில் அதே முகம் சாம்பல் பூத்துக் கிடக்கும்.

ஒருமுறை இப்படிச் சாம்பல் பூத்த திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தபோது, தம்பிதுரை உதவி செய்வதாக நினைத்துச் சொன்னார்: "அதுக்கென்னங்க மேடம், ஒரு ஃபில்டர் போட்டா வெள்ளையாயிருமுங்."

"யாரு கேட்டா வெள்ளையா? எங்கம்மா எங்கம்மாவாட்டத் தெரியோணும். அவ்வளவுதான் வேணும் எனக்கு."

அவளுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவள் வேலை செய்கிற ஸ்டுடியோவில் கல்யாணப் பெண்ணின் கறுப்பைச் சுரண்டி எடுப்பதுதான் முதல் வேலை. பெண் வீட்டாரே கேட்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதட்டுகிறார்கள், முதலாளி "இன்னும் சித்தெ ஏத்து" என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு வெளுப்பை ஏற்றுகிறாள். ஆயிரம் பேர் பார்க்க மாலை மாற்றிக்கொண்ட ஒரு பெண், தன் கல்யாண வீடியோவில் தன்னைத் தேட வேண்டியிருக்கிறது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அழகு.

இத்தனைக்கும் கூலி? ஒன்று உண்டு. அந்தக் கணினியில் பிள்ளை எடுக்கிற முதல் படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டவேண்டும். காட்டினால் கருணையே இருக்காது. "இந்த ஷாட்டை எதுக்குடா வெச்ச? ட்ரோன் இருக்குதுங்கறதுக்காகவா?" என்று கிழித்துத் தொங்கவிடுவாள்.

நான் அவளோடு இந்த ராகுகாலத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறேன். மூடநம்பிக்கைக்கு நீயும் முட்டுக்கொடுக்கிறாயே, அந்த நேரத்தில் வாங்கினால் என்ன கெட்டுவிடும் என்று அந்த அம்மாக்களுக்குச் சொல்லேன் என்றேன். முறுக்கை மென்றுகொண்டே சொன்னாள்: "சொல்லித் திருத்த நேரமில்லீங்க. காலேஜ் தொறந்துபோட்டாங்க. அவங்களை ராகு புடிச்சிருக்குது, சரி. கடைக்காரன் புடிக்காம இருந்தாப் போதும் எனக்கு." எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை.

முதலில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். அவள் கூட்டி வந்தது பல்லடம் பக்கத்து மாசாணியம்மாளையும் மகள் ஹர்ஷிணியையும். மாசாணியம்மாள் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர். கணவர் இல்லை. சீட்டு எடுத்த பணம் சேலைத் தலைப்பில் முடிச்சாக இருந்தது. இந்த ஒரு தடவைதான் வாங்க முடியும், தவறாக வாங்கிவிட்டால் மாற்றி வாங்க வழியில்லை என்பதை வரும்போதே சொல்லிவிட்டார். ஹர்ஷிணி அம்மாவின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பயம் வேறு.

அவள் சேர்ந்த கல்லூரியில், விஸ்காம் முதலாண்டு வகுப்புக்குள் வந்த ஒரு பேராசிரியர் சொல்லியிருக்கிறார்: "மாசக் கடைசிக்குள்ள சொந்த லேப்டாப் இல்லாதவங்க பி.காம். பக்கம் மாறிக்கங்க. அங்க நோட்டும் பேனாவும் போதும்." அதே கட்டடத்தின் மேல்மாடியில் துறைக்கென்று ஒரு கணினிக்கூடம் இருக்கிறது. அருமையான இயந்திரங்கள், உறை போட்டு மூடி, கதவுக்குப் பூட்டும் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடுமாம். ஆய்வுக்குழு வருகிற அன்று மட்டும் திறந்து, தூசி தட்டி, ஆளுக்கொரு நாற்காலி போட்டுப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூடத்துக்கான கட்டணத்தை மட்டும் எல்லாப் பிள்ளைகளிடமும் மறக்காமல் வாங்கிவிடுகிறார்கள். பூட்டிய கதவுக்கு வாடகை வாங்குகிற இந்த வித்தைக்கு எந்தப் படிப்பில் பட்டம் தருகிறார்கள் என்று தெரியவில்லை. கோழிக்குத் தீவனம் போடுகிற ஒரு பெண் சீட்டு எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மகளுக்குச் சினிமா ஆசை எதற்கு என்று கேட்க ஆள் இருக்கிறது.

தம்பிதுரை முதலில் எடுத்துக் காட்டியது ரோஜா நிறத்தில் ஒன்று. "காலேஜ் போற பொண்ணுங்களுக்குன்னே வந்ததுங்கம்மா. வெயிட்டே இருக்காது."

"நெம்ப அழகா இருக்குதுங் தம்பி" என்று மாசாணியம்மாள் சொன்னார். அவர் கண் கலங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். ஜோவிதா அதில் மாப்பிள்ளை அழைப்பை ஓட்டினாள். மாப்பிள்ளை ஏறிவந்த குதிரை முன்னங்காலைத் தூக்கிய இடத்திலேயே நின்றது. வெகுநேரம் நின்றது.

"குதிரைக்கு ராகுகாலமாட்ட இருக்குதுங்க" என்றாள் ஜோவிதா. ஹர்ஷிணி முதன்முறையாகச் சிரித்தாள்.

இதற்கிடையில் கடை மேலாளர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு நிறைய மரியாதை. "வாங்கம்மா. எந்த ஊருங்க?" பல்லடம் பக்கம் என்றார் மாசாணியம்மாள். "பல்லடத்துல எங்கீங்க?" ஊர்ப் பெயரைச் சொன்னார். "அந்த ஊருல எந்தப் பக்கமுங்க? கோயில் பக்கமா, அக்கட்டால வாய்க்கால் தாண்டியுங்களா?"

எவ்வளவு பணிவான கேள்வி பாருங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'. 'ங்க' போட்டுக் கேட்டால் சாதி கேட்டதாக ஆகாது என்பது இந்த ஊர்ச் சட்டம். மாசாணியம்மாள் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார். வாய்க்கால் தாண்டி என்று சொல்ல வாயெடுத்தார்.

"லேப்டாப் வாங்கத் தெருப் பேரு எதுக்குங் சார்? வாய்க்கால் தாண்டினா வாரண்டி செல்லாதுங்களா?" என்றாள் ஜோவிதா.

மேலாளர் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு எங்களை எட்டிப் பார்க்கவில்லை.

நான்காவதாக எடுத்ததுதான் சரியாக அமைந்தது. தடியாக, கறுப்பாக, பார்க்க ஒரு அழகும் இல்லை. வீடியோவுக்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தது. கூடுதல் ரேமுக்கு இடம் இருந்தது. குதிரை துள்ளி ஓடியது. சூடேறியும் வேகம் விழவில்லை. சாராளின் முகம் சாராளின் முகமாகவே இருந்தது. ஹர்ஷிணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் கைபேசியில் எடுத்து வைத்திருந்த ஒரு காட்சியைத் தானே போட்டுப் பார்த்தாள். பண்ணையில் அவள் அம்மா கோழிகளுக்கு நடுவே நடக்கிற காட்சி. மாசாணியம்மாள் அதைப் பார்த்து, "அட, நானு!" என்றார்.

அப்போது தம்பிதுரைக்கு ஒரு அழைப்பு வந்தது. பேசிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"மேடம், இந்த மாடல் ஒரே பீஸுதான் இருக்குது. ஒருத்தரு நேத்தே பாத்துட்டுப் போயிருந்தாரு. பையனுக்குங்க. பன்னண்டு மணிக்கு ராகுகாலம் முடிஞ்சதும் வாரேன், எடுத்து வைங்கறாரு. நீங்க வாங்கறதுன்னா இப்பவே பில் போடோணும். அடுத்த லோடு எப்ப வருமுன்னு எனக்குத் தெரியாதுங்க."

"இது உங்க பழைய டெக்னிக்குங்களா தம்பிதுரை?"

"என்ற புள்ளைங்க மேல சத்தியமுங்க."

ஜோவிதா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாசாணியம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மா வரும்போதே கேட்டிருந்தார்: "பன்னண்டுக்கு மேலதானுங்க அம்மிணி பில்லு போடுவாங்க?" ஆமாம் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இத்தனை குடும்பங்களுக்கும் வசதியாக இருந்த அந்த ராகுகாலம், இப்போது இந்த ஒரு பெண்ணின் படிப்புக்குக் குறுக்கே வந்து நின்றது. ஏதாவது சொல்லு என்று ஜோவிதாவிடம் கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு. அவள் முறுக்குப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒருநாளும் ஒருவரையும் அவசரப்படுத்தி வாங்கவைப்பதில்லை என்பது அவள் கொள்கை. அவள் அப்பாவுக்கு நடந்தது அதுதானே.

மாசாணியம்மாள் மகளைப் பார்த்தார். மகள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "பரவாயில்லம்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். அந்த வயதில் ஒரு பெண் "பரவாயில்லை" என்று அவ்வளவு பழகிப்போய்ச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு இந்த நாட்டின் மேலேயே ஆத்திரம் வந்தது.

மாசாணியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பிறகு தம்பிதுரையிடம் கேட்டார்:

"ஏனுங் தம்பி, பண்ணையில எனக்கு என்னைக்குங்க ராகுகாலத்துக்கு லீவு உட்டாங்க? வெள்ளிக்கெழமை பத்தரைக்கும் கோழி திங்குது, நானும் தீவனம் போடறேன். கூலிக்கு வேலை செய்யறப்ப வராத ராகு, என்ற புள்ளைக்கு வாங்கறப்ப மட்டும் வந்துருமுங்களா? போடுங்க பில்லை."

நான் நூறு கூட்டத்தில் பேசியதை அவர் ஒரே மூச்சில் பேசிவிட்டார். தம்பிதுரை பில் போட்டார். ஜோவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு சார்ஜர் வயரைச் சுற்றினாள். ஒழுங்காகச் சுற்ற வரவில்லை. அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள்.

பன்னிரண்டு தாண்டியதும் அந்த மனிதர் வந்தார். நல்ல நேரம் பிறக்கட்டும் என்று எங்கோ காரில் காத்திருந்து வந்திருக்கிறார். சட்டைப்பையில் தங்கமுனைப் பேனா. "எங்கப்பா அது, எடுத்து வெச்சியா?" தம்பிதுரை சங்கடத்தோடு எங்கள் பக்கம் கை காட்டினார். அவர் பார்த்தார். ரப்பர் செருப்பைப் பார்த்தார், சாயம் போன சேலையைப் பார்த்தார், மாசாணியம்மாளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"இவங்களுக்கா? இவங்களுக்கு எதுக்கு அத்தனை பெரிய மெஷினு? சின்னதா ஒன்னக் குடுத்து அனுப்ப வேண்டீதுதான?"

ஜோவிதா பதிலடி கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பெட்டியைத் தூக்கி மாசாணியம்மாளின் இரு கையிலும் வைத்தாள். வாசலுக்குப் போய் அந்தக் கனத்த கண்ணாடிக் கதவை முழுக்கத் திறந்து, முதுகால் அணைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியைக் குழந்தை மாதிரி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மாசாணியம்மாள் மெல்ல, ரொம்ப மெல்ல நடந்தார். வெளியே இருந்து வெயிலும் புகையும் கடைக்குள் பாய்ந்தன. "ஏம்மா, ஏசி வீணாகுது. கதவைச் சாத்து" என்று அந்த மனிதர் கத்தினார். கடைசிப் படியில் அந்த ரப்பர் செருப்பு இறங்குகிறவரை ஜோவிதா கதவை விடவில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு மாசாணியம்மாள் இருக்கிறார். இந்த மாதம் ஒரு கடைக்குப் போகப்போகிறார். அவரோடு போங்கள். நல்ல நேரம் பார்க்காமல் போங்கள்.